பெயரில்லாத மொய்

சாயல்குடிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டு மொய் நோட்டு எதிலும் அம்மாவின் பெயர் இல்லை. கருப்பட்டி விற்று அவள் சேர்த்த பணம் அப்பா பெயரில்தான் ஏறியிருக்கிறது. ஆனாலும் அந்த நோட்டில் ஒரு நியாயம் உண்டு: யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது ஊருக்கே தெரியும்.

2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம் அந்த நோட்டையே நம்மிடமிருந்து மறைத்தது. நன்கொடையாளரின் அந்தரங்கத்தைக் காக்கவே இந்த ஏற்பாடு என்றது அரசு.

2023 டிசம்பரில், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்ட கூட்டத்தொடரில், தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. செயற்கைக்கோள் இணையத்துக்கு ஏலமின்றி அலைக்கற்றை ஒதுக்கவும், நெருக்கடி என்று சொல்லி இணையத்தை நிறுத்தவும் அது அரசுக்கு இடம் தருகிறது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. மார்ச்சில் வெளியான பட்டியலில் பார்தி ஏர்டெல் நிறுவனமும் இருந்தது.

பணத்துக்காகச் சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஏலமில்லாத ஒதுக்கீடு பல நாடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் சட்டம் நிறைவேறிய நாளில் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட நம்மிடம் பட்டியல் இல்லை.

அம்மாவின் வாக்கும் ரகசியம்தான். யாருக்குப் போட்டாள் என்று அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அந்த ரகசியம் அவளை அதிகாரத்திடமிருந்து காக்கிறது. கோடிகள் கொடுப்பவரின் ரகசியமோ, அதிகாரத்தை அவளுடைய கேள்வியிலிருந்து காக்கிறது. இரண்டுக்கும் அந்தரங்கம் என்று ஒரே பெயர் வைப்பது எப்படி நியாயம்?