தோளுரசி நிற்பவர் யார்?

பெயர் தெரியாதவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா? அண்டைவீட்டாருக்குரிய உரிமைகளை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஆனால், மூன்று நிமிட நேரம் தோளுரசி நின்றுவிட்டு, பின்னர் வாழ்நாளில் என்றுமே காண வாய்ப்பில்லாத ஒருவருக்கு நம்மீது உரிமை ஏதும் உண்டா? இன்றைய மாநகரங்கள் இவ்வினாவை நாள்தோறும் எழுப்புகின்றன.

சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலத்தடி ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அது அந்நிய இடமன்று. அருகிலேயே சூலியா தெரு. கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கி நிற்பது. தெலுக் ஆயர் தெருவில், 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா. நாணயம் மாற்றும் தொழிலில் நம்மவர் காலூன்றிய வட்டாரமும் அதுவே. வங்கிகளின் வானளாவிய மாளிகைகளுக்கு அடியில், 1987 டிசம்பர் 12 அன்று அந்நிலையம் திறக்கப்பட்டது. வடக்கு-தெற்குப் பாதையும் கிழக்கு-மேற்குப் பாதையும் அங்கே சந்திக்கின்றன. ஒரு வண்டியை விட்டு இறங்கி, மேடையைக் குறுக்கே கடந்தால் மறு பாதையின் வண்டி. காலை வேளையில் திரளும் அக்கூட்டத்தில் எவரும் எவர் முகத்தையும் நோக்குவதில்லை.

இதனைக் கல்நெஞ்சம் எனப் பழிப்பது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. நெருக்கத்தில் பார்வையைத் தாழ்த்திக்கொள்வதும், பிறர் சிந்தனையில் குறுக்கிடாதிருப்பதும் ஒருவகை மரியாதையே. ஒருவர் மயங்கி விழும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எங்கள் செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூரில் அமாவாசை இரவுதோறும் மக்கள் வெள்ளமெனத் திரள்வர். அத்தகைய ஊர்க்கூட்டத்திற்கு நெஞ்சுண்டு, நகரக் கூட்டத்திற்கு இல்லை என்பார் பலர். குறை நகரத்தினுடையதன்று, தொகையினுடையது என்பதே என் எண்ணம். 1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தனித்தனி அறைகளில் மாணவர்களை அமர்த்தி, உள்தொடர்புக் கருவி வழியே ஒருவர் வலிப்புற்றுத் தவிப்பதைக் கேட்கச் செய்தனர். தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில், தவிப்பு ஓயுமுன் உதவிக்கு எழுந்தோர் நூற்றுக்கு 85 பேர். இன்னொருவரும் கேட்கிறார் என எண்ணியோரில் 62. வேறு நால்வர் கேட்பதாக எண்ணியோரில் 31! எழாதவர்கள் ஈரமற்றவர்கள் அல்லர். அவர்களில் பலர் கை நடுங்க, வியர்த்து அமர்ந்திருந்தனர்.

மனம் கடமையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறது. நம் சட்ட வல்லுநர்களின் 'பர்ளு கிபாயா' வேறு கணக்குச் சொல்கிறது. ஜனாஸாத் தொழுகையைச் சிலர் நிறைவேற்றினால் ஊரார் அனைவர் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிடில் குற்றம் பங்கு போடப்படுவதில்லை, ஒவ்வொருவர் மீதும் முழுதாய் விழுகிறது. "பிறர் செய்தால் நான் விடுபடுவேன் என்பதே சோம்பலுக்கு இடந்தராதா?" எனக் கேட்கலாம். பிறர் செய்தால்தானே விடுதலை? செய்வார் என்ற ஊகம் எவரையும் விடுவிப்பதில்லை.

அனைவர்மீதும் கடமை என்றால், முதலில் குனிய வேண்டியவர் யார்? திருமறையின் நான்காம் அத்தியாயம் 36ஆம் வசனம், பெற்றோர், உறவினர், அநாதைகள், அண்டைவீட்டார் ஆகியோருடன் 'பக்கத்தில் இருக்கும் தோழரையும்' எண்ணுகிறது. வழித்துணைவர் என்றனர் சில விரிவுரையாளர். மனைவி என்றனர் வேறு சிலர். ஜமக்ஷரியோ, சபையில் அருகே அமர்ந்திருப்பவரையும் அதில் சேர்த்தார். சபையில் அருகிருப்பவர் தோழரென்றால், ரயில் மேடையில் அருகிருப்பவர் ஏன் ஆகமாட்டார்? விழுந்தவர் எவர் பக்கத்தில் விழுந்தாரோ, அவரே முதலில் குனிய வேண்டியவர். குனிந்தபின் அவர் கூட்டத்தை நோக்கி, "யாராவது வாருங்கள்" என்று கூவுவதில் பயன் குறைவு. "நீலச் சட்டை அணிந்த ஐயா, நீங்கள் போய் நிலைய ஊழியரை அழைத்து வாருங்கள்" என்று ஒருவரைச் சுட்டிச் சொன்னால், அவர் ஓடுவார்.