கல்லில் தெரியும் ஆறாம் அறிவு

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இராபர்ட் புரூஸ் ஃபூட், சென்னையின் தென்புறம் பல்லாவரம் படைமுகாமின் அணிவகுப்புத் திடலில் இருந்த சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது கைவேலைப்பாடு கொண்ட கருவி என்று துணிந்தார். செய்தவரைக் காணாமல், செய்யப்பட்டது என்று எப்படித் துணிவது? இந்தியத் தொல்பழங்கால ஆய்வு பிறந்தது இந்த அனுமானத்தில்தான்.

சைவ சித்தாந்தம் குடத்தைக் கொண்டு குயவனை நிறுவும். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். கற்கருவிக்கும் இம்மூன்றும் உண்டு. ஆனால் மண் தானாகக் குடம் ஆவதில்லை. கல்லோ தானாகவும் உடையும். ஆற்றில் உருண்டு மோதிய கல்லிலும் கூரிய விளிம்பு தோன்றும். பிரேசிலின் கப்புச்சின் குரங்குகள் கல்லைக் கல்லால் அடிக்கும்போது, கருவி செய்யும் நோக்கமே இல்லாமல் கூரிய செதில்கள் தெறிப்பதை 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆகவே கூர்மை மட்டும் காட்டி மனத்தை நிறுவினால், அது தருக்க நூலார் சொல்லும் ஏதுப்போலி. இருமுகமும் செதுக்கிய கற்கருவியான கைக்கோடரி அப்படிப்பட்டதன்று. ஒரு முகத்தில் செதில் பெயர்ந்த தழும்பு, மறுமுகத்தில் பெயர்க்க வேண்டியதற்கு அடிக்கும் இடமாகிறது. பல அடிகள் ஒரே வடிவை நோக்கிச் செல்கின்றன. அந்த வடிவம் அடித்தவரின் மனத்தில் முன்பே இருந்திருக்க வேண்டும்.

அந்த மனம் யாருடையது? அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த இடம், கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கம். அங்கே சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த, கைக்கோடரி முதலான அச்சூலியன் கருவிகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை, சராசரிக் கணிப்பில் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. செய்தவர்கள் நம் இனத்தார் அல்லர். அவர்களுடையது என்று உறுதிப்பட்ட எலும்பு ஒன்றும் அங்கே நமக்கு இல்லை. உடலைக் கண்டு உள்ளிருக்கும் அறிவை உய்த்துணர்வது வழக்கம். இங்கே உடல் மறைந்துவிட்டது, அறிவு கண்முன் கிடக்கிறது. தொல்காப்பிய மரபியல் மனத்தோடு கூடிய ஆறறிவை மக்களுக்கு உரியதாகச் சொல்லி, அந்தக் கிளையில் பிறவும் உண்டு என்று இடம் விடுகிறது. உரைகாரர்கள் அங்கே தேவர், அசுரர் முதலியோரை வைத்தனர். கொசஸ்தலைக் கரையில் கல் செதுக்கியவர்களையும் அங்கே வைக்கத் தடை ஏதும் இல்லை.

மறுப்பு ஒன்று உண்டு, அது வலுவானது. தூக்கணாங்குருவியும் நேர்த்தியாகக் கூடு பின்னுகிறது. கைக்கோடரியோ பல லட்சம் ஆண்டுகள் பெரிய மாற்றமின்றிச் செய்யப்பட்டது. அதுவும் பிறவிப் பழக்கமாக இருக்கலாமே? இதற்கு விடை அத்திரம்பாக்கத்தின் மேலடுக்குகளில் இருக்கிறது. சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கைக்கோடரி அருகி, லெவல்வா முறை வந்துவிட்டதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. இம்முறையில் தாய்க்கல்லின் முகத்தை முதலில் பல அடிகளால் பதப்படுத்துகிறார்கள். பிறகு ஒரே அடியில், வேண்டிய வடிவிலேயே செதில் பெயர்ந்து வரும். உழைப்பு முழுவதும் இன்னும் பிரியாத ஒரு செதிலுக்காக நடக்கிறது. வந்தேறியவர்கள் கொண்டுவந்தார்களோ, அங்கிருந்தவர்களே கண்டார்களோ, பார்த்துப் பழகாமல் இது கைவராது. இன்று இம்முறையில் கல் உடைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் நெடுநாள் பயின்றே அதைக் கற்கிறார்கள். பிறவிப் பழக்கம் என்ற விளக்கம் இதற்குப் போதாது.