முதலில் யார் கதவு?

2024 அக்டோபர் 14, 15 தேதிகளில் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசைகட்டி நின்றன. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, சிவப்பு எச்சரிக்கை, பள்ளிகளுக்கு விடுமுறை. தெருவில் தண்ணீர் ஏறுமுன் வண்டியையாவது காப்பாற்றிவிடுவோம் என்ற அவசரம். போலீஸ் அபராதம் போடுகிறது என்று செய்தி பரவியது. அப்படி எதுவும் இல்லை என்று போலீஸ் மறுத்தது. அதற்குள் பாலம் நிறைந்துவிட்டது. கடைகளில் பாலும் ரொட்டியும் மாலைக்குள் தீர்ந்தன. தாழ்வு மண்டலமோ 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையேறிப் போயிற்று. 16ஆம் தேதி பயந்த அளவுக்கு நகரத்தில் மழை இல்லை. உடனே கேலி தொடங்கியது.

கேலிக்கு அங்கே வேலையில்லை. காரை மேடேற்றியவர் செய்தது முன்யோசனைதான். அவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று. காரை ஏற்றிவிட்டு இறங்கி வந்தவர், தரைத்தளத்தில் தனியே இருக்கும் நண்பனின் தாயாரைப் போய்ப் பார்த்தாரா? புயல் வருகிறது என்று தெரிந்த அந்த இரண்டு நாள் அவகாசம் யாருக்குச் சொந்தம்? தன் வீட்டுக்கா, தன்னைச் சேர்ந்தவர்களுக்கா? தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தன் வாசலோடு நின்றுவிடும் ஆயத்தம் அறத்தின் கணக்கில் பாதி ஆயத்தம்கூட ஆகாது.

இதைச் சொல்லத் திருப்பதியை அடுத்த திருச்சானூரை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. அலர்மேல்மங்கைத் தாயாருக்குக் கார்த்திகை பிரம்மோற்சவம் நடக்கும் காலமும் வங்கக்கடலில் புயல்கள் உருவாகும் காலமும் ஒன்றே. ஊரை ஒட்டி ஓடும் சுவர்ணமுகி ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். மணலாகக் கிடக்கும் ஆற்றைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. கரையில் வீடு எழும்புகிறது, அதன்மேல் மாடி எழும்புகிறது. ஆனால் சேஷாசல மலைச்சரிவில் ஒரே நாளில் கொட்டும் மழை சில மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். மேலே கல்யாணி அணை நிரம்பி மதகு திறந்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். 2021 நவம்பர் 18 அன்று அப்படித்தான் நடந்தது. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையேறவிருந்த தாழ்வு மண்டலம் திருப்பதியை மூழ்கடித்தது. திருமலைக்குப் போகும் மலைப்பாதைகள் இரண்டும் மூடப்பட்டன. திருச்சானூர் அருகே ஆற்றங்கரையில் நின்ற வீடு ஒன்று அடி அரிக்கப்பட்டுத் தண்ணீரில் சரிந்ததை நாடே கைப்பேசியில் பார்த்தது.

சரிந்த சுவரைப் பார்த்து எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அடுத்த மழைக்கு முன் கரையோரத்தில் இருக்கும் நண்பரைத் தன் வீட்டுக்கு வந்துவிடும்படி எத்தனை பேர் அழைத்தார்கள்?

நட்பு என்ற சொல்லைத் தமிழ் இலக்கியம் இந்த இடத்தில்தான் உரசிப் பார்க்கிறது. இடுப்பிலிருந்து ஆடை நழுவும்போது விரையும் கையைத்தான் நட்புக்கு அளவுகோலாக வைத்தார் வள்ளுவர். கை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை; ஆடை நழுவுகிறது என்று யாரும் வந்து சொல்லும்வரை காத்திருப்பதும் இல்லை. “ஏதாவது வேணும்னா சொல்லுப்பா” என்று கைப்பேசியில் சொல்லிவிட்டுத் தூங்கப் போகும் நட்பு இந்த அளவுகோலில் தேறாது. இன்னொரு குறளில் அவர் ஒரு படி மேலே போகிறார்: சிரித்துப் பேச மட்டும் நட்பு இல்லை, நண்பன் வழிதவறும்போது கண்டித்துச் சொல்லவும்தான் என்கிறார். வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் நண்பனிடம் குரலை உயர்த்தும் உரிமை அங்கிருந்து வருகிறது. வருமுன் காவாதவன் வாழ்வு அழியும் என்று எச்சரித்தவரும் அவரே. இவற்றைச் சேர்த்துப் படித்தால், முன்காப்பும் நட்பும் அவருக்கு ஒரே அறத்தின் இரு முகங்களாகவே இருந்திருக்க வேண்டும்.

சங்கப் பாட்டுக்குப் போனாலும் இதே சான்றுதான். தேவர்களின் அமுதமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்கள் இருப்பதால் உலகம் நிலைக்கிறது என்று புறநானூற்றில் பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் உயிரிழந்த ஒருவரின் வாக்கு அது. கடைசிப் பத்துப் பால் பாக்கெட்டுகளையும் பையில் அள்ளிக்கொண்டு கடையிலிருந்து வெளியேறுபவர் ஒருமுறை அதை நினைத்துப்பார்க்கலாம். கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் பார்த்தேயிராத பிசிராந்தையார் ஆளனுப்பாமலே வந்து சேர்ந்தார். அவர் வருவார் என்று சோழன் இடம் ஒதுக்கியே வைத்திருந்தான். மணிமேகலையில் ஆபுத்திரனுக்கு அள்ள அள்ளக் குறையாத உணவுப் பாத்திரமான அமுதசுரபி எப்போது கிடைக்கிறது? மழைக்கால நள்ளிரவில், பசித்து வந்தவர்களுக்குக் கொடுக்கக் கையில் ஏதுமில்லையே என்று அவன் கலங்கி நிற்கும்போது. தன் பசிக்காகக் கலங்கியிருந்தால் அந்தப் பாத்திரம் அவன் கைக்கு வந்திருக்குமா?

திருச்சானூரைக் கடந்து ஓடும் இதே ஆற்றைத்தான் நம் நூல்கள் பொன்முகலி என்கின்றன. காளத்தியில் அந்த ஆற்றங்கரையில்தான் கண்ணப்பர் கதை நடக்கிறது. இறைவன் கண்ணில் குருதி வழிவதைக் கண்ட திண்ணன், அதாவது பின்னாளில் கண்ணப்பர் ஆனவன், முதலில் பச்சிலை தேடி ஓடினான், மருந்து பிழிந்தான், அது பலிக்காதபோதுதான் தன் கண்ணைக் கொடுத்தான். பக்திக்கு உச்சமாகவே இதைப் படிக்கிறோம். பதறியவன் பதற்றத்தோடு நின்றுவிடாமல் வைத்தியம் தேடினான் என்ற பகுதி பேசப்படாமலே போகிறது. திருப்பதியோடு பிரிக்க முடியாத பெயரான இராமானுசரை எடுத்துக்கொண்டால், தமக்கு மட்டும் சொல்லப்பட்ட மந்திரத்தைத் திருக்கோட்டியூரில் கோபுரமேறி ஊருக்கே சொன்னார் என்கிறது குருபரம்பரை. தனக்கு நரகம் வந்தாலும் மற்றவர் உய்வு முக்கியம் என்றவர் அவர். கேட்டவர்கள் நகைப்பார்களே என்ற கூச்சம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மறுபக்கமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிறு குழந்தையும் படுத்த படுக்கையான பெரியவரும் இருக்கும் வீட்டுக்காரர் முதலில் தன் வீட்டைப் பார்ப்பது தவறாகாது. வரமாட்டேன் என்பவரின் விருப்பத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் இந்த நியாயங்களைப் பேசுவோரில் பலர் வீட்டில் குழந்தையும் இல்லை, படுக்கையில் பெரியவரும் இல்லை.

அரசு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா? 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் ஒடிசாவின் கோபால்பூர் அருகே கரையேறுவதற்குள் பல லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1999ஆம் ஆண்டுப் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த மாநிலத்தில் அந்த முறை இறப்பு சில பத்துகளோடு நின்றது. இது அரசின் சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உத்தரவு தானே வீடு வீடாக நடந்து போகாது. தெருவைத் தெரிந்த ஒருவர் போய்க் கதவைத் தட்டியதால்தான் அந்த வீட்டார் வெளியே வந்தார்கள்.

தட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று தொலைவில் இல்லை. 2021 நவம்பர் 19 அதிகாலை, அப்போதைய கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்தது. கார்த்திகைப் பௌர்ணமி நாள். ராஜம்பேட்டைப் பக்கத்துக் கிராமங்கள் அடித்துச் செல்லப்பட்டன. அணையின் ஐந்து மதகுகளில் ஒன்று இயங்கவில்லை என்று ஒன்றிய ஜலசக்தி அமைச்சர் மாநிலங்களவையில் குற்றஞ்சாட்டினார். அணை தாங்கும் அளவை மீறி வந்த வெள்ளம் என்றது மாநில அரசு. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். 1977இல் இதே நவம்பர் 19 அன்றுதான் புயலில் ஆந்திரக் கடலோரத் திவிசீமையைக் கடல் விழுங்கியது. அன்று எச்சரிக்கை ஊர் ஊராகப் போய்ச் சேர வழியில்லை என்று சொல்லலாம். கை நிறையக் கைப்பேசி வைத்திருக்கும் நமக்கு அந்தச் சமாதானம் பொருந்துமா?

பழைய திருப்பதி இப்படி இருக்கவில்லை. விஜயநகரக் காலத்துக் கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால், பக்தர் கொடுத்த பொன் கோயில் ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் போனது. அந்த விளைச்சலில் சுவாமிக்குத் தளிகை நடந்தது. ஏரிக்கரை ஊருக்குப் பொது என்பதால் அதைக் காப்பதும் பொதுவாக இருந்தது. இன்று கரை நீர்வளத் துறைக்கு, எச்சரிக்கை வானிலை மையத்துக்கு, மீட்பு பேரிடர் படைக்கு, பால் பாக்கெட் எனக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் திருச்சானூரிலேயே, பத்மாவதி நிலையத்தில் அமைந்தது. எச்சரிக்கை அங்கிருந்து கிளம்பும். எந்தச் சந்தில் காது கேளாத தாத்தா இருக்கிறார், எந்த வாடகை அறையில் உற்சவத்துக்குப் பூ விற்க வந்த வெளியூர்க்காரி குழந்தையோடு தங்கியிருக்கிறாள் என்பது அந்த அலுவலகத்துக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்குத் தெரியும். தெரிந்தவனுக்கே கடமை.

கூப்பிட்டு, அலறவைத்து, மூட்டை கட்டவைத்து, கடைசியில் மழையே பெய்யாமல் போனால் மானம் போகாதா என்று தயங்குபவர்கள் உண்டு. 2021 நவம்பர் 21 அன்று திருப்பதியை அடுத்த ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டது. நூற்றாண்டுகள் பழைய ஏரி, கழுத்துவரை தண்ணீர். கீழே இருந்த ஊர்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். ஆடுமாட்டையும் அரிசி மூட்டையையும் விட்டு எப்படி வருவது என்று தயங்கியவர்களை உறவும் நட்பும் பேசிப் பேசி நகர்த்த வேண்டியிருந்தது. கசிவை அடைக்க மணல் மூட்டைகளோடு நாள்கணக்கில் போராடினார்கள். கரை உடையவில்லை. ஊர்க்காரர்கள் வீடு திரும்பி அடுப்பு மூட்டினார்கள். அவர்களை அழைத்துப் போனவர்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை.