தூரத்திலிருந்து திருத்தலாமா?

வியாபாரச் சகோதரர்களே! எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையைக் கைதூக்கிவிட ஆசிரியருக்கே ஒரு வழிகாட்டி தேவை என்பதை இன்று பலரும் ஒப்புகிறார்கள். அந்த வழிகாட்டி பட்டணத்தில் இருந்துகொண்டு, கணினித் திரை வழியாகத் தோட்டத்து ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதுமா? செலவு குறையும் என்பது உண்மையே. கடமை நிறைவேறுமா?

ஓதும் பள்ளியில் நாம் கண்ட முறையை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தாலும் உஸ்தாது பாடம் கேட்பது ஒவ்வொருவராகத்தான். 'ஐன்' தொண்டையிலிருந்து வராமல் 'அலிஃப்' போல ஒலித்தால் அந்தக் கணமே நிறுத்தி, மறுபடி ஓதச் சொல்வார். வகுப்பே சேர்ந்து வாசிக்கிற பள்ளிக்கூடத்திலோ, வாசிக்கத் தெரியாத பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு மூன்றாம் ஆண்டுக்கும் வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் லின் வெர்னன்-ஃபீகன்ஸ் அம்மையார் செய்த ஏற்பாடு ஏறக்குறைய உஸ்தாதின் முறைதான். கிராமத்து ஆசிரியை பின்தங்கிய ஒரு பிள்ளையை மட்டும் அழைத்து, நாளொன்றுக்கு 15 நிமிடம் வாசிக்கச் செய்கிறார். குறித்த நாட்களில் வழிகாட்டி தொலைவிலிருந்தே, பாடம் நடக்கும்போதே அதைத் திரையில் பார்த்து, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறார். பிள்ளை தேறியதும் அடுத்த பிள்ளையின் முறை. இவ்வுதவி பெற்ற பிள்ளைகள், பெறாத பிள்ளைகளைவிட முன்னேறியதைச் சோதனைகள் காட்டின.

தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்தில் நடந்தது வேறு. அங்கே 2017 முதல் மூன்று ஆண்டுகள், 50 பள்ளிகளுக்கு வழிகாட்டிகள் நேரில் சென்றார்கள். வேறு 50 பள்ளிகளின் ஆசிரியர்களுக்குக் கைக்கணினியில் பாடக் குறிப்புகளைத் தந்து, தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் ஆலோசனை சொன்னார்கள். முதலாண்டில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகத் தெரிந்தன. மூன்றாம் ஆண்டு முடிவில், நேரில் சென்ற பள்ளிகளில் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பு உயர்ந்திருந்தது. மற்றவற்றில் பேச்சு சற்றே தேறியது, வாசிப்பு உயரவில்லை. தாய்மொழி வாசிப்போ இறங்கியும்விட்டது!

காரணங்கள் பல இருக்கலாம். நம் அபிப்பிராயத்தில் தூரம் குற்றவாளி அல்ல. வட கரோலினாவில் தூரத்தில் இருந்தவர் பிள்ளை திணறுவதைக் கண்ணால் கண்டார். மற்ற இடத்தில் பெரும்பாலும் ஆசிரியர் சொன்னதை வைத்தே யோசனை சொன்னார்கள். இருப்பை எண்ணாமல், கணக்கப்பிள்ளையின் வாய்ச்சொல்லைக் கேட்டே ஐந்தொகை போடும் முதலாளி எங்கே போய் நிற்பார் என்பது நமக்குத் தெரியாததா?

இந்நாட்டில் 2010-ல் தொடங்கிய லினுஸ் திட்டத்தில் வழிகாட்டிகள் பள்ளிகளுக்கே போனார்கள். ஆனால் அது பார்த்தது மலாய் வாசிப்பையும் கணக்கையும், பிறகு ஆங்கிலத்தையும். தமிழ் அதில் சேரவில்லை. அத்திட்டமும் இப்போது நடப்பில் இல்லை.

தோட்டப் பள்ளிக்குக் கொடை என்றால் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் கணினிப் பெட்டியையே வாங்கித் தருகிறோம். படம் பிடிக்கவும் அதுதானே வசதி! கேமரன் மலை போன்ற தூரத்துக்குத் திரை இருக்கட்டும். ஆனால் அதன் முன் நேரம் ஒதுக்கி உட்காரப் போகிறவர் யார் என்று முதலில் கேட்போம். கேரித்தீவுப் பள்ளிகளோ பண்டமாரானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரம். ஓய்வுபெற்ற நல்ல ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை அங்கே போய்வர என்ன கூலி ஆகும் என்று இரண்டு வாகன ஓட்டிகளிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.