மறைவில் யாருக்காக?



"த்ராஷ் மெட்டலா? அது பிசாசு பாட்டு!" என்று பெற்றோர் பதறுகிறார்கள். வேகமான டிரம்ஸ், கிடார் இரைச்சல், தொண்டை கிழியும் கத்தல். வீட்டில் சண்டைதான்!

பெங்களூரில் 1998-ல் அப்படி ஒரு குழு தொடங்கியது. பெயர் கிரிப்டோஸ். முதல் ஆல்பமான 'ஸ்பைரல் அசென்ட்' வந்தது 2004-ல். ஆறு வருஷம்! அதுவும் சினிமாவும் ரேடியோவும் சீண்டாத இசைக்காக. ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையில் ஏறினதோ 2013-ல்தான்.

கிரிப்டோஸ் என்றால் கிரேக்கில் 'மறைவானது'. மத்தேயு 6:6-ல் பிதா அந்தரங்கத்தில் காண்கிறார் என்று இயேசு சொன்ன இடத்திலும், கிரேக்க மூலத்தில் இதே சொல்தான் வருகிறது.

அந்தப் பாட்டைக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால், கைதட்ட ஆளில்லாதபோதும் ஒருவன் எதை விடாமல் செய்கிறானோ, அதில்தான் அவன் இருதயம் இருக்கிறது. அழியும் புகழுக்கே ஆறு வருஷம் என்றால், அழியாத கிரீடத்துக்கு?

சபையில் சத்தமாய் அல்லேலூயா சொல்றீங்க, சந்தோஷம். கதவைப் பூட்டின அறைவீட்டில் எத்தனை நிமிஷம்? பிள்ளையின் ஹெட்போனைப் பிடுங்குமுன் உங்கள் முழங்காலைப் பாருங்கள். பாவம் கிடார் கம்பியில் இல்லை. தேவனுக்குரிய இடத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்பதே கேள்வி. அது பாட்டாகவும் இருக்கலாம், சபையாரின் பாராட்டாகவும் இருக்கலாம்.

மறைவைக் காண்கிற தேவன் நம்மை எழுப்புவாராக. ஆமென்!