பூசை காட்டுபவன் பூசை காண்கிறானா?

ஞாயிறு காலை வீடு திரும்பும் பிள்ளையிடம் நம் தாய்மார் கேட்பது, "பூசை கண்டாயா?" என்றுதான். போனாயா என்றல்ல, கண்டாயா என்று. அன்பார்ந்த வாசகரே, இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் பங்குக் கோவிலில் ஒலிபெருக்கிப் பெட்டியின் அருகே நிற்கும் இளைஞனைச் சற்று நினைத்துப் பாருங்கள். பூசை முழுவதும் அவன் கோவிலுக்குள்தான் நிற்கிறான். ஆனால் முதல் வாசகத்தின்போது வயரைத் தேடுகிறான். பிரசங்கத்தின்போது ஒளிபரப்பு ஓடுகிறதா என்று கைத்தொலைபேசியைப் பார்க்கிறான். எழுந்தேற்ற வேளையில் எல்லோரும் தலைவணங்க, அவன் கண் கமெராவின் சிறு திரையிலே இருக்கிறது. நாம் கேட்கவும் காணவும் வழிசெய்கிறவன், தான் பூசை கண்டானா?

பழைய ஒழுக்கநெறி நூல்கள் இதற்கு விடை தந்திருக்கின்றன. மணி அடிப்பவர், ஓர்கன் வாசிப்பவர், காணிக்கை எடுப்பவர் முதலியோர் திருப்பலிக்காகவே உழைப்பதால், அதை உணர்ந்து செய்யும்வரை, அவர்களும் பூசை கண்டவர்களே. ஒலிவாங்கியைக் கவனிப்பவனும் இக்கூட்டத்தில் சேர்வான். கடன் தீர்ந்தது, சரி. ஆனால் கடன் தீர்ந்ததும் உள்ளம் நிறைந்ததும் ஒன்றாகுமா?

இந்தக் கேள்வி நம்மிடையே கூர்மையடைந்தது அண்மையில்தான். 2019 ஏப்ரல் 21ம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் கோவில் கதவுகள் சில வாரம் மூடப்பட்டன. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. கண்டி நகரத்து வீடுகளிலும் மலைத் தோட்டத்து லயங்களிலும் குடும்பங்கள் கைத்தொலைபேசியைச் சுற்றி அமர்ந்து பூசை கண்டன. அந்த அவசரத்தில் நல்ல போன் வைத்திருந்தவரே ஒளிபரப்பாளரானார். பயிற்சிக்கு ஏது நேரம்? கதவுகள் திறந்தபின்னும் கமெரா கோவிலில் தங்கிவிட்டது. பயிற்சி மட்டும் இன்னும் வந்துசேரவில்லை. (பாப்பரசர் 12ம் பத்திநாதர் 1958ல் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். நோயில் கிடந்த அப்புனிதை நத்தார் இரவுத் திருவழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டாராம். அவருக்குக் கமெரா பிடிக்க ஆள் தேவைப்படவில்லை, நமக்குத் தேவைப்படுகிறது.)

என் கருத்து இது. பயிற்சி என்பது கருவிகளைக் காப்பாற்ற மட்டும் அல்ல. அந்தத் தொண்டனுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது. தெரியாத கை பதறும். பதறும் மனம் செபிக்காது. ஒலிபெருக்கி ஊளையிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து வரும் சத்தம் திரும்ப ஒலிவாங்கிக்குள் புகுந்து, பெருகி, மறுபடி வெளிவருவதே அந்த ஊளை. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ கை காட்டுவார், புதியவன் சத்தத்தைக் கூட்டுவான், ஊளை எழும், நூறு தலைகள் அவன் பக்கம் திரும்பும். வாசகத்தை அவன் இனிக் கேட்பானா? கற்றவனோ வாசகரை ஒலிவாங்கிக்குக் கிட்ட நிற்கச் சொல்லியிருப்பான். வாய்க்கும் அதற்கும் உள்ள தூரம் பாதியானால், அதில் விழும் ஒலியின் வலு ஏறத்தாழ நான்கு மடங்காகும். பிறகு பெட்டியில் சத்தத்தைக் குறைக்கலாம். பெட்டிகளை ஒலிவாங்கிக்கு முன்பக்கமாக, சனத்தை நோக்கி வைத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை ஓய்ந்தது. இவ்வளவையும் பூசைக்கு முன்பே செய்து முடித்தவன், பூசை தொடங்கியதும் கைகூப்பி நிற்கலாம்.

ஆனால் திறமையால் மட்டும் இது தீராது. எவ்வளவு கற்றவனும் ஞாயிறு தவறாமல் அங்கேயே நின்றால் களைத்துப்போவான். இங்கே நமக்கு வழிகாட்ட நம் மறைமாவட்டத்தின் முன்னோரே இருக்கிறார்கள். 1886ல் கண்டி மறைமாவட்டமானபோது அது சில்வெஸ்திரின் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் பொறுப்பில் இருந்தது. அவர்களுடைய தந்தையாகிய புனித ஆசீர்வாதப்பர் 6ம் நூற்றாண்டில் எழுதிய மடத்து ஒழுங்கைப் பாருங்கள். மடத்தின் கருவிகள் யாவும் பீடத்துப் பாத்திரங்கள்போல் பேணப்படவேண்டும். அடுப்படி வேலை வாரமுறை; ஒருவருக்கொருவர் மாறி மாறிச் செய்யவேண்டும். வாரம் முடிந்து போகிறவர் துடைத்துக் கழுவிக் கருவிகளை ஒப்படைப்பார். பொறுப்பாளர் அவற்றைச் சரிபார்த்தே வருகிறவரிடம் கொடுப்பார். பரிமாறுகிறவர் முறுமுறுக்காமல் பணி செய்யும்படி, அவருக்குச் சாப்பாட்டுக்கு முன்னமே கொஞ்சம் அப்பமும் பானமும் கொடுக்கச் சொல்கிறார் அந்தப் புனிதர்! பணி செய்பவனின் பசி அவர் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. நம்முடைய பங்குச் சபைகளில் மிக்சர் வாங்கப் பணம் சேர்க்கிறோம். அதை இயக்குபவன் எந்தப் பூசையில் அமைதியாக நற்கருணை வாங்குகிறான் என்று யார் கேட்கிறோம்?

"எங்களிடம் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்பார்கள். அதில் பெருமை இல்லை, ஆபத்துத்தான் உண்டு. அவர் கட்டாருக்குப் போனால் கோவில் ஊமையாகும். சில வேளை அந்த ஒருவரே பிறருக்குச் சொல்லிக்கொடுக்க மனமில்லாதிருப்பார். பெட்டியின் திறப்பு அவருடைய சட்டைப் பையில் இருக்கும். அறிந்ததைப் பூட்டிவைப்பது தாலந்தைப் புதைத்த ஊழியனின் வேலையன்றி வேறென்ன? பங்கு ஒவ்வொன்றிலும் நாலு பேராவது கற்கட்டும். பெண்பிள்ளைகளும், ஓய்வுபெற்ற மின்வேலைக்காரரும், சிங்களப் பூசைக்கு வரும் இளைஞரும் சேரட்டும். ஒரே பெட்டியைத்தானே இரு மொழியாரும் பாவிக்கிறோம்.

மின்சாரம் இல்லாத பூசைக்கும் பழக்கவேண்டும். 2025 பெப்ரவரி 9ம் திகதி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். மலைநாட்டில் பின்னேர இடிமழைக்குப் பிளக்கைக் கழற்றிவைப்பதும் பாடத்தில் ஒன்று.

வெறும் கோவிலில் வார நாளில் பழகுவது நல்லது. ஆனால் அது போதாது. ஆட்கள் நிறைந்த கோவில் வேறு விதமாக ஒலிக்கும். உடைகளும் உடல்களும் சத்தத்தை உறிஞ்சிவிடும். ஆகையால் கடைசிப் பாடம் ஞாயிறு பூசையில்தான் நடக்கவேண்டும். புதியவன் பெட்டியருகே நிற்க, பழகியவர் பின்வாங்கில் குடும்பத்தோடு முழந்தாளிட்டிருக்கட்டும். சிறு தவறு நேர்ந்தால் ஓடிவராமல் அங்கேயே இருக்கட்டும்.