கனூத்தும் வேத வாசிப்பும்

கணினி அறிஞர் டொனால்ட் கனூத் எட்டாம் வகுப்பில் படித்தபோது, ஒரு மிட்டாயின் பெயரிலுள்ள எழுத்துகளால் எத்தனை சொற்கள் அமைக்கலாம் என்று போட்டி வைத்தார்கள். அவர் அகராதியைப் புரட்டிச் சுமார் 4,500 சொற்களை எழுதினார். நடுவர்களின் பட்டியலிலோ ஏறத்தாழ 2,500தான். லூத்தரன் சபையைச் சேர்ந்த அவர், பின்னாளில் அதே பொறுமையோடு விவிலியத்தை அணுகினார்: அதன் நூல்களில் நூலுக்கு ஒரு வசனம், பெரும்பாலும் 3ஆம் அதிகாரம், 16ஆம் வசனம்.

வேதத்தை இப்படி எண்ணை வைத்துப் படிக்கலாமா? தாராளமாகப் படிக்கலாம். பிடித்த வசனங்களையே நாடும் மனத்தை இம்முறை தடுத்து, பலரும் கடந்துபோகும் பக்கங்களில் நிறுத்துகிறது. சூழலிலிருந்து பிரித்தால் பொருள் திரியும் என்பது நியாயமான அச்சம். அதற்காகவே அவர் வசனந்தோறும் பல உரைகளைத் தேடிப் படித்தார். கடவுள் இருப்பதை நிரூபிப்பது அவர் நோக்கமல்ல; நிரூபிக்க முடியாதிருப்பதே நல்லது என்பது அவர் கருத்து.